ஏறுகிற பாதை இருக்கட்டும் டீச்சர், இறங்குகிற பாதை எப்படி?

கேள்வி: மதுரை விளாங்குடியில் சொந்த வீட்டில் இருக்கிறோம். நான் அரசுப் பள்ளி ஆசிரியை, வருகிற மே மாதத்தோடு ஓய்வு. வீட்டுக்காரருக்கு 63 வயது, சர்க்கரை உண்டு, இரண்டு வருடத்துக்கு முன் ஸ்டென்ட் வைத்தோம். எனக்குக் குளிர்காலத்தில் வீசிங் வரும். மகன் பெங்களூரில் வேலை பார்க்கிறான். மதுரை வெயிலும் வண்டி இரைச்சலும் இனி முடியாது, பக்கத்தில் ஒரு மலையில் போய் இருந்துவிடலாம் என்று நினைக்கிறோம். கொடைக்கானல், தாண்டிக்குடி, சிறுமலை, மேகமலை என்று நான்கையும் யோசித்தோம். ஒரு புரோக்கர் சிறுமலையில் 12 சென்ட், கொடைக்கானல் வில்பட்டியில் 5 சென்ட் காட்டினார். இரண்டுமே பஞ்சாயத்து அப்ரூவல் என்கிறார். இந்த வீட்டை விற்றால்தான் கையில் பணம் வரும். எதை எடுக்கலாம்?

பதில்: வணக்கம் டீச்சர். நான் சிவில் இன்ஜினியர், மதுரைக்காரன், 26 வருடமாக வீடு கட்டுகிறேன், அதில் பாதிக்கு மேல் மலையில். நீங்கள் கேட்டது எதை எடுக்கலாம் என்று, நான் சொல்லப்போவது விளாங்குடி வீட்டை இப்போது விற்காதீர்கள் என்று. கோபித்துக்கொள்ள வேண்டாம், காரணம் சொல்கிறேன்.

நிலம் பார்க்க எந்த மாதம் போனீர்கள் என்று கடிதத்தில் இல்லை, ஆனால் பள்ளி ஆசிரியை என்பதால் ஏப்ரல், மே லீவில்தான் போயிருப்பீர்கள். மதுரைக்காரர்கள் எல்லோருமே அப்படித்தான், கீழே 40 டிகிரியில் வெந்துகொண்டிருக்கும்போது மேலே ஏறுவோம், காற்று முகத்தில் பட்டதும் பாதி அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வருவோம். அதே இடத்தை நவம்பர் மூன்றாவது வாரத்தில், நாலு நாள் விடாமல் மழை பெய்து கரண்ட் போய், துவைத்த துணி ஐந்தாவது நாளும் காயாமல் ஊறல் வாடை அடிக்கிறபோது பார்த்தவர்கள் குறைவு. நம் பக்கத்து மலைகளுக்கு, முக்கியமாகச் சிறுமலைக்கும், தாண்டிக்குடி இருக்கிற கீழ்ப்பழனி மலைக்கும், பெரிய மழை வடகிழக்குப் பருவத்தில்தான். அதனால் இந்த மலைகளின் குணம் அக்டோபருக்கும் டிசம்பருக்கும் நடுவில்தான் தெரியும். அப்புறம் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை வேறொரு முகம், ஓடை வற்றும், புல் காயும், எங்கேயாவது காடு பற்றி எரியும். 2018 மார்ச்சில் குரங்கணியில் நடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம்.

இன்னொன்று, எல்லோரும் மலைக்கு ஏறுகிற பாதையைத்தான் பார்க்கிறார்கள், நான் என்னிடம் வருகிறவர்களிடம் இறங்குகிற பாதையைப் பற்றித்தான் முதலில் கேட்பேன். ராத்திரி ரெண்டு மணிக்கு உங்கள் வீட்டுக்காரர் நெஞ்சு அழுத்துகிறது என்கிறார், அப்போது வீட்டு வாசலுக்கு ஆம்புலன்ஸ் வருமா, வண்டியை யார் ஓட்டுவார்கள், ஆஞ்சியோ செய்கிற ஆஸ்பத்திரிக்கு எத்தனை மணி நேரம்? ஸ்டென்ட் வைத்தவருக்கு இந்தக் கணக்கு காட்சி முனையை விட முக்கியம். சார் நன்றாகத்தான் இருப்பார், இருக்கட்டும், ஆனால் வீடு கட்டுகிறவன் மழையே பெய்யாது என்று நம்பி கூரையை விட்டுவிட முடியாது இல்லையா.

இப்போது ஒவ்வொரு இடமாக வருகிறேன்.

மேகமலையை விட்டுவிடுங்கள். 2021-ல் அறிவித்த ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகம் சுற்றிலும் இருக்கிறது, நடுவில் இருப்பது கம்பெனித் தேயிலைத் தோட்டங்கள். நீங்கள் வாங்கி வீடு கட்டி இருக்கிற மாதிரியான இடம் அது இல்லை. ரெண்டு நாள் போய்த் தங்கிவிட்டு வாருங்கள், அருமையான ஊர்.

கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரம். மதுரை ஏறக்குறைய 100 மீட்டர்தான். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு, ஆறரை டிகிரி குறையும் என்பது பொதுக் கணக்கு, அதன்படி கொடையில் நமக்கும் அவர்களுக்கும் 13 டிகிரி வித்தியாசம், மேகமும் பனிமூட்டமும் சேர்ந்தால் அதற்கும் மேல். டூரிஸ்டுக்கு அது சுகம். வீசிங் உள்ளவருக்கு அந்த ஈரக் குளிரில் டிசம்பர், ஜனவரி ராத்திரிகள் எப்படி இருக்கும் என்பதை உங்கள் நெஞ்சு மருத்துவரிடம் கேட்காமல் முடிவு செய்யாதீர்கள். அங்கே நான் கட்டிய வீடுகளில் வடக்குச் சரிவில் உள்ளவற்றில் சுவரோரம் பூஞ்சை பிடிப்பதை எந்தப் பெயின்ட்டாலும் நிறுத்த முடியவில்லை, அலமாரியில் வைத்த பட்டுப்புடவைகூடப் புள்ளி போட்டுவிடும்.

அது போக, கொடைக்கானல் ஊருக்குள் போக்குவரத்து. 2024 மே 7 முதல் உயர்நீதிமன்ற உத்தரவுப்படி இ-பாஸ் இருக்கிறது, உள்ளூர்க்காரராக ஆகிவிட்டால் உங்களுக்குத் தொல்லை இல்லை, ஆனால் பார்க்க வருகிற மகனும் சம்பந்திகளும் எடுத்துத்தான் வரவேண்டும். இ-பாஸ் இருந்தும் சீசன் சனி, ஞாயிறுகளில் வெள்ளி நீர்வீழ்ச்சியிலிருந்தே வண்டிகள் வரிசையாக நிற்கும். மதுரையிலிருந்து சுமார் 120 கிலோமீட்டர், சாதாரண நாளிலேயே மூன்று மணி நேரம், அதில் காட்ரோட்டிலிருந்து மேலே எல்லாம் வளைவுதான். அந்த வரிசைக்கு எதிரே ஒரு ஆம்புலன்ஸ் இறங்குவதை யோசித்துப் பாருங்கள். 2018 நவம்பரில் கஜா புயல் வந்தபோது மரம் விழுந்து, மண் சரிந்து ரோடு அடைபட்டு, கரண்ட் இல்லாமல் நாள்கணக்கில் தவித்த வாடிக்கையாளர்கள் எனக்கு உண்டு, அதில் ஒருவர் அடுத்த மாதமே வீட்டை விலைபேச ஆரம்பித்துவிட்டார்.

அந்த வில்பட்டி 5 சென்ட்டுக்கு வருகிறேன். பஞ்சாயத்து அப்ரூவல் என்ற வார்த்தையைக் கேட்டதும் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. மனைப்பிரிவுக்கு அனுமதி கொடுக்க வேண்டியது நகர் ஊரமைப்புத் துறை, அதாவது டிடிசிபி. பஞ்சாயத்துத் தலைவர் ரப்பர் ஸ்டாம்ப் போட்டுக் கொடுத்த காகிதம் அதற்கு ஈடாகாது. மலைக்கிராமம் என்றால் அதற்கு மேலே மலையிடப் பாதுகாப்புக் குழுமம் என்று ஒன்று இருக்கிறது, எல்லோரும் ஹாக்கா என்பார்கள், 1990-ல் அமைத்தது. ஹாக்கா பட்டியலில் உள்ள கிராமத்தில் வனம், வேளாண் பொறியியல், புவியியல் சுரங்கத் துறை என்று பல இடங்களில் தடையின்மைச் சான்று கேட்பார்கள். மலையைக் குடைய ஜேசிபி இறக்குவதற்கே அனுமதி வேண்டும். "எல்லாரும் கட்டியிருக்காங்க சார், ஒண்ணும் ஆகாது" என்று புரோக்கர் சொல்வார். 2019-ல் அதே கொடைக்கானலில் உயர்நீதிமன்றம் சொல்லி, விதிமீறிக் கட்டிய கட்டடங்களுக்கு வரிசையாகச் சீல் வைத்தார்கள், அவர்களிடமும் இதே வசனத்தைத்தான் சொல்லியிருப்பார்கள்.

தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் எனக்குப் பிரியமான பகுதி, அதை மறைக்க விரும்பவில்லை. சுமார் 1,300 மீட்டர், காப்பி, மிளகு, ஆரஞ்சு, மலைவாழை விளைகிற மிதமான குளிர். மதுரை 40-ல் இருக்கிற அன்று அங்கே 32 வாக்கில் இருக்கும், ராத்திரி ஒரு போர்வை போதும். காப்பி வாரியத்தின் ஆராய்ச்சி நிலையம் தாண்டிக்குடியில் இருக்கிறது, நிழல்மரத்துக்கு அடியில் காப்பிச்செடி வளர்க்கிற ஊர் என்பதால் மரங்களை வெட்டித் தள்ளவில்லை, மண்ணும் கொஞ்சம் பிடிப்பாக இருக்கிறது. மனிதர்கள் நல்லவர்கள், பட்டிவீரன்பட்டி, வத்தலக்குண்டோடு அவர்களுக்குத் தலைமுறைத் தொடர்பு. ஆனால் ரெண்டு விஷயம். ஒன்று யானை. தாண்டிக்குடி, பாச்சலூர் பக்கம் தோட்டத்துக்குள் யானை வருவது செய்தியே இல்லை, வாழை இருந்தால் கட்டாயம் வரும். நீங்கள் ரெண்டு பேர் மட்டும், பக்கத்தில் வீடு இல்லாத எஸ்டேட் நடுவில் இருப்பது சரிப்படாது. ஊருக்குள், கடைத்தெருவிலிருந்து நடந்து போகிற தூரத்தில் என்றால் சரி. இன்னொன்று அதே இறங்குகிற பாதை, வத்தலக்குண்டு வர ஒன்றரை மணி நேரம், அங்கிருந்து மதுரை இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல்.

சிறுமலை உங்கள் நான்கில் கீழே இறங்குவதற்குச் சுலபமானது. திண்டுக்கல்லிலிருந்து 25 கிலோமீட்டர் சொச்சம், 18 கொண்டை ஊசி வளைவு, ஒரு மணி நேரத்துக்குள் திண்டுக்கல்லில் இருக்கலாம், அங்கே இப்போது அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது, இன்னொரு மணி நேரம் நாலுவழிச் சாலையில் விட்டால் மதுரை. கொடைக்கானல் மாதிரி கடுங்குளிர் கிடையாது. கூட்டம் குறைவு. இன்றைக்கும் தோட்டத்திலிருந்து வாழைத்தாரையும் பலாவையும் குதிரை முதுகில் ஏற்றி ரோட்டுக்குக் கொண்டு வருகிறார்கள், நீங்களே பார்த்திருப்பீர்கள். அந்தக் குதிரையைப் பார்த்து ரசிப்பதோடு நிறுத்தாமல், ஏன் குதிரை என்றும் யோசியுங்கள். வண்டி போகிற பாதை எல்லாத் தோட்டத்துக்கும் கிடையாது. உங்கள் 12 சென்ட்டுக்குப் போகிற வழி யாருடைய நிலத்தில் போகிறது, அது பத்திரத்தில் பாதையாக எழுதியிருக்கிறதா, இல்லை "அண்ணாச்சி ஒண்ணும் சொல்ல மாட்டார், நாம காலங்காலமா போறதுதான்" என்ற வாய்ப்பேச்சா? சிமென்ட் மூட்டை ஒன்று கடையில் என்ன விலையோ, ரோட்டிலிருந்து குதிரையிலோ தலைச்சுமையிலோ கொண்டு போனால் அந்தக் கூலியும் அதன் மேல் ஏறும், மணல், ஜல்லி, கம்பி எல்லாவற்றுக்கும் இதே கதை. மலையில் கட்டுமானச் செலவு எத்தனை மடங்கு என்று கேட்பார்கள், நான் மடங்கு சொல்வதில்லை, ரோட்டிலிருந்து எத்தனை அடி என்று திருப்பிக் கேட்பேன்.

சிறுமலையில் பெரும்பகுதி காப்புக்காடு, தனியார் நிலம் பழைய தோட்டங்களாக இருக்கிறது. அந்தப் பழைய தோட்டத்தைத்தான் இப்போது கூறு போடுகிறார்கள். அதில் ரொம்பச் சகஜமான ஏமாற்று என்னவென்றால், பத்து ஏக்கர் எஸ்டேட்டை நாற்பது பேருக்கு "பிரிபடாத பாகம்" என்று கிரையம் செய்வது. உங்களுக்கு 12 சென்ட் என்று கல் நட்டுக் காட்டுவார்கள், ஆனால் சர்வே எண் உட்பிரிவு ஆகியிருக்காது, கூட்டுப் பட்டாவில் உங்கள் பெயர் முப்பத்தேழாவதாக இருக்கும், நாளைக்கு வீட்டு வரைபட அனுமதிக்குப் போனால் எந்த இடத்துக்கு அனுமதி கேட்கிறீர்கள் என்பார்கள். ஒரு ரிட்டையர்டு தம்பதி இப்படி வாங்கிய இடத்துக்கு என்னைக் கூட்டிப் போனார்கள், நாலு பக்கமும் கல் இருந்தது, சர்வே துறையின் அளவு வரைபடமான புலப்படத்தில் அந்தக் கல் எதுவும் இல்லை. அவர்களுக்கு நான் கட்டிக் கொடுக்கவில்லை, ஆலோசனைக் கட்டணமும் வாங்க மனசு வரவில்லை.

காகிதத்தில் என்ன பார்க்க வேண்டும் என்று வக்கீல்தான் முழுதாகச் சொல்ல வேண்டும், நான் அவரிடம் போகும் முன் நீங்களே பார்க்கக்கூடியதைச் சொல்கிறேன். சர்வே எண்ணை வாங்குங்கள், கொடுக்கத் தயங்கினால் அங்கேயே டீ குடித்துவிட்டுக் கிளம்பிவிடுங்கள். அந்த எண்ணை வைத்துப் பட்டாவும், நிலம் எந்த வகை என்று காட்டுகிற அ-பதிவேடும் அரசின் இணையத்தில் வீட்டிலிருந்தே பார்க்கலாம். அ-பதிவேட்டில் ரயத்துவாரி, அதாவது தனியார் பட்டா நிலம் என்று இருக்கிறதா, அரசு நிலம், நிபந்தனை ஒப்படை (அரசு நிபந்தனையோடு கொடுத்த நிலம்) என்று ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். மலையில் பழங்குடியினருக்கும் நிலமற்றவர்களுக்கும் ஒப்படை செய்த நிலங்கள் உண்டு, தாழ்த்தப்பட்டவர்களுக்கென்று ஒதுக்கிய பஞ்சமி நிலமும் உண்டு, கைமாறி கைமாறி மூன்றாவது ஆளிடம் வந்திருக்கும், காகிதம் பார்க்க அழகாக இருக்கும், வாங்கினால் என்றைக்கு வேண்டுமானாலும் கையை விட்டுப் போகும், போவதும் நியாயம்தான். 1949-ஆம் வருடத்துத் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டத்தில் அந்த நிலம் வருகிறதா என்றும் விசாரிக்கச் சொல்லுங்கள், வந்தால் அனுமதி இல்லாமல் விற்பதே செல்லாது. அப்புறம், இடம் உங்களுடையது என்பதற்காக நடுவில் நிற்கிற மரத்தை வெட்டிவிட முடியாது, மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம் 1955-லிருந்தே இருக்கிறது. வில்லங்கம் குறைந்தது 30 வருடத்துக்கு, மூலப்பத்திரம் அசல், பவர் பத்திரத்தில் விற்கிறார் என்றால் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்பது வரை. இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததாக இருக்கலாம், டீச்சருக்குப் பாடம் எடுப்பதாக நினைக்க வேண்டாம்.

இனி என் வேலை. சரிவில் வீடு கட்ட, ஒரு பக்கம் மண்ணை வெட்டி மறு பக்கம் நிரவிச் சமதளம் ஆக்குவார்கள். வெட்டின மண் உறுதியானது, நிரவின மண் பல மழை பார்த்தால்தான் இறுகும். புரோக்கர் காட்டுகிற "லெவல் பண்ணிய பிளாட்"டில் பாதி நிரவின மண், அதன் மேல் அஸ்திவாரம் போட்டால் ரெண்டாவது வருடம் சுவரில் குறுக்கே விரிசல் ஓடும். மலையில் நான் கட்டிய முதல் வீட்டில் தடுப்புச் சுவரை நல்ல கனமாகக் கட்டிவிட்டு, தண்ணீர் வெளியேற ஓட்டை போதுமான அளவு விடாமல் போனேன், பின்னால் ஜல்லியும் போடவில்லை. கனமாகத்தானே இருக்கிறது என்ற தெனாவட்டு. அந்த நவம்பரில் சுவருக்குப் பின்னால் தண்ணீர் தேங்கி, வயிறு தள்ளி, ஒரு ராத்திரியில் பதினைந்து அடி நீளத்துக்குச் சாய்ந்துவிட்டது. என் செலவில்தான் திரும்பக் கட்டினேன். சுவரைத் தள்ளுவது மண்ணை விட அதில் நிற்கிற தண்ணீர்தான் என்பதைப் புத்தகத்தில் படித்துப் பாஸ் செய்தவன்தான் நானும். அதனால் நிலம் பார்க்கும்போது மேலே இருக்கிற தோட்டத்துத் தண்ணீர் எந்த வழியாக இறங்குகிறது என்று பாருங்கள், கோடையில் அது வெறும் பள்ளமாகத் தெரியும், "இதை மூடிட்டா இன்னும் ரெண்டு சென்ட் கிடைக்கும்" என்பார்கள். அந்தப் பள்ளம்தான் ஓடை. கிழக்கு, தென்கிழக்கு பார்த்த சரிவாக இருந்தால் காலை வெயில் விழும், வீசிங் உள்ளவருக்கு அதை விட நல்ல மருந்து வீட்டில் கிடையாது. குழிவான இடங்களில் மூன்று மணிக்கே வெயில் போய்விடும்.

தண்ணீருக்கு ஊற்று இருக்கிறது என்பார்கள். மார்ச்சில் போய்ப் பார்க்க வேண்டும், வேறு வழியே இல்லை. அந்த ஊற்றுக்குக் கீழே எத்தனை வீடு குடிக்கிறது, உங்கள் செப்டிக் டேங்க் அதற்கு எந்தப் பக்கம் வரப்போகிறது என்பதும் உண்டு. சிறுமலையில் விழுகிற தண்ணீர்தான் சாத்தையாறாக நம் பாலமேடு பக்கம் வருகிறது, மேலே இருப்பவர் செய்வது கீழே இருப்பவர் தலையில் விடியும்.

சரி, என்ன செய்யலாம்? எதையும் வாங்க வேண்டாம். வருகிற அக்டோபர் முதல் அடுத்த செப்டம்பர் வரை ஒரு வருடம் வாடகைக்கு இருங்கள். உங்களுக்கு நான் சொல்வது முதலில் சிறுமலை, ஊரை ஒட்டி, தார் ரோட்டு மேலேயே, கார் வாசலில் நிற்கிற வீடாக. குளிரும் ஒத்துக்கொண்டு, இதய மருத்துவரும் பரவாயில்லை என்றால் ரெண்டாவதாகப் பண்ணைக்காடு, அது பேரூராட்சி, கடை கண்ணி உண்டு. கொடைக்கானல் வேண்டாம் என்பது என் கட்சி. விளாங்குடி வீட்டைப் பூட்டிப் போடாமல் மாடியை மட்டும் வாடகைக்கு விட்டால் அந்தப் பணத்தில் மலை வாடகை ஏறக்குறைய ஓடிவிடும், கீழ் அறை ஒன்று செக்கப்புக்கு வந்து தங்கவும், மழை மோசமான வாரத்தில் இறங்கி வரவும் இருக்கும். அந்த ஒரு வருடத்தில் சார் தனியாக ஒருமுறை ராத்திரியில் காரை ஓட்டி இறங்கிப் பார்க்கட்டும், ஓட்ட முடியாதென்றால் ராத்திரி கூப்பிட்டால் வருகிற டிரைவர் ஒருவர் அந்த ஊரிலேயே இருக்க வேண்டும், அவர் போன் நம்பர்தான் முதல் ஃபர்னிச்சர். நீங்கள் இன்ஹேலர் எத்தனை தடவை எடுத்தீர்கள் என்று காலண்டரில் குறித்து வையுங்கள். இன்சுலின் போடுகிறவராக இருந்தால் கரண்ட் போன நாட்களில் ஃப்ரிட்ஜுக்கு என்ன வழி என்பதும் அப்போது தெரிந்துவிடும்.

பேச்சுத் துணையையும் சேர்த்துச் சொல்கிறேன், இது இன்ஜினியர் சொல்கிற விஷயம் இல்லைதான். முப்பது வருடம் பிள்ளைகளின் சத்தத்துக்கு நடுவில் நின்றவர் நீங்கள். மலையில் ஆறரை மணிக்கு இருட்டிவிடும், அப்புறம் வண்டுச் சத்தம் மட்டும்தான். சிலருக்கு அது வரம், சிலருக்கு மூன்றாவது மாதமே டிவி சீரியல் போதாமல் போய்விடும். நீங்கள் எந்த ரகம் என்று உங்களுக்கே இப்போது தெரியாது.

ஒரு வருடம் கழித்தும் மலைதான் என்று தோன்றினால் அன்றைக்கு மனை பார்ப்போம், 12 சென்ட் எல்லாம் வேண்டியதில்லை, ரோட்டோரம் 5 சென்ட்டில் இரண்டு அறை வீடு, கூரைக்கு ஓடு, படி இல்லாத வாசல். மலை வேண்டாம், அடிவாரம் போதும் என்று தோன்றினாலும் வெட்கப்பட ஒன்றுமில்லை. மருதாநதி அணைக்குக் கீழே அய்யம்பாளையம் பக்கம் தென்னந்தோப்பு நிழலில் இருக்கிறவர்கள் யாரும் மதுரைக்குத் திரும்பிப் போகவேண்டும் என்று சொல்லி நான் கேட்டதில்லை.

புரோக்கரிடம் அட்வான்ஸ் ஏதும் கொடுக்கவில்லை என்று நினைக்கிறேன். கொடுத்திருந்தால் ரசீது இருக்கிறதா என்று பாருங்கள். அந்த ரெண்டு இடத்தின் சர்வே எண்ணையும் கிராமத்தின் பெயரையும் எழுதி அனுப்புங்கள், அ-பதிவேட்டில் என்ன இருக்கிறது என்று பார்த்துச் சொல்கிறேன்.